சம்பந்தம் பேச வந்த சாமான்கள்

மழை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, காப்புரிமை அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்கு ஒரு தையல் இயந்திரம் தானாகவே படியேறி வந்தது. காலால் மிதிக்கிற பழைய ரகம். இரும்புக் கால்களை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்குகிறவரைப் போலச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த படிக்குப் போனது. வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருந்த பியூன், முப்பத்தோரு வருட சர்வீஸில் ஆறு அமைச்சர்களையும் இரண்டு வெள்ளங்களையும் பார்த்தவர். அவர் அதைத் தடுக்கவில்லை. பெயர் என்ற கட்டத்தில் 'தையல் இயந்திரம்' என்றும், யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் 'மேடத்தை' என்றும் எழுதினார். எதற்காக என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்து, 'சம்பந்தமாக' என்று எழுதிக் கையெழுத்துக்கு இடம் காட்டினார். இயந்திரம் அந்த இடத்தில் நேராக ஏழு தையல் போட்டுவிட்டு உள்ளே போனது.

அந்த மேடத்துக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இயந்திரப் பிரிவின் பரிசோதகர். யாராவது ஒருவர் 'இது நான் கண்டுபிடித்தது, இதற்கு முன் உலகத்தில் இல்லாதது, இருபது வருடத்துக்கு என்னைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக்கூடாது' என்று விண்ணப்பம் போட்டால், அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கு உலகத்தில் அதற்கு முன்னால் என்னென்ன இருந்தது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். முகத்துக்கு எதிரே யாரும் சொன்னதில்லை. அவளும் தெரியாததுபோல் இருந்துகொண்டாள். அவள் கணவர் பேருந்து நடத்துனர். "நம்ம ரெண்டு பேர் வேலையும் ஒண்ணுதான். டிக்கெட் இல்லாதவன் உள்ள வரக்கூடாது, அவ்வளவுதானே?" என்பார். பதினெட்டு வருடமாக அவளும் தூசு படிந்த கட்டுகளைப் புரட்டித்தான் பழைய கண்டுபிடிப்புகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவை தாமாக வரத் தொடங்கின.

அன்றைக்கு அவள் மேசையில் இருந்தது, அறுவை சிகிச்சை முடிந்த வயிற்றைத் தைப்பதற்கான ஒரு கைக்கருவி. மேலிருந்து ஒரு நூலும் கீழிருந்து ஒரு நூலுமாகப் பின்னித் தைப்பது மனித குலத்தில் தனக்கே முதலில் தோன்றியது என்று விண்ணப்பித்தவர் அடித்துச் சொல்லியிருந்தார். தையல் இயந்திரம் மேசையோரம் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல், அந்தக் கோப்பின் விளிம்பில் மேல்நூலும் கீழ்நூலுமாக ஒரு சாண் தைத்துக் காட்டியது. சல்லடை தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விதிப்புத்தகம் சொல்லும் இரண்டு கேள்விகளை மனதுக்குள் கேட்டாள். முதல் கேள்வி: இதுவும் அதுவும் ஒரே தொழிலா? இல்லை, ஒன்று துணி, மற்றது வயிறு. இரண்டாவது கேள்வி: தொழில் வேறானாலும், இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிற ஒரு சாதாரண ஆள், விடை தேடி இதன் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பானா? தட்டியிருப்பான். பிளந்ததைச் சேர்ப்பவன் தையல்காரனிடம் போகாமல் எங்கே போவான்? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் சம்பந்தம் உண்டு. அவள் 'சம்பந்தம் உண்டு' என்று எழுதினாள். சந்தோஷத்தில் இயந்திரம் அவள் சேலைத் தலைப்பை நாற்காலியோடு சேர்த்துத் தைத்துவிட்டது.

செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்த மாதத்துக்குள் இரண்டாவது மாடி கல்யாண மண்டபம்போல் ஆகிவிட்டது. சம்பந்தம் உள்ளவை ஐந்து வந்தால் இல்லாதவை ஐம்பது வந்தன. குடை ஒன்று வாரம் தவறாமல் வந்தது. பாராசூட்டானாலும் மடிக்கும் நாற்காலியானாலும் தனக்கும் அதில் பங்கு உண்டு என்று விரிந்து விரிந்து மூடியது. எலிப்பொறி எதற்கு வந்தது என்று அதற்கே தெரியாது. வங்கிக் கதவுக்கான பூட்டு, தலைமுடி கிளிப், வாக்குப் பெட்டி என்று எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சம்பந்தமில்லை என்று சொன்னால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டது. சைக்கிள் பம்பு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனது. அலாரக் கடிகாரம் நடைபாதையில் நின்று அடித்துத் தீர்த்தது. துணை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: வருகிற கண்டுபிடிப்புகள் படியில் வலப்பக்கமாக ஏறி இடப்பக்கமாக இறங்க வேண்டும், நீராவியில் ஓடுபவை நெருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வர வேண்டும். பியூன் இரண்டு கெட்டில்கள் வைத்துக்கொண்டார், ஒன்றில் டீ, மற்றதில் இயந்திர எண்ணெய். ஒரே ஒரு முறை மாறிப்போனது. அதன் பிறகு துணை இயக்குநர் ஒரு வாரம் சத்தமே இல்லாமல் நடந்தார்.

இப்படி ஐந்து வருடங்கள் போயின. ஆறாவது வருடத் தொடக்கத்தில் ஒரு தச்சரின் விண்ணப்பம் வந்தது. கைப்பட எழுதிய பதினொரு பக்கம். படங்களெல்லாம் பென்சிலில், அளவுகளெல்லாம் அங்குலத்தில். அவருடைய மனைவி ஜன்னல் துடைக்க ஏணியில் ஏறி விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் ஆறு வருடமாகப் படுத்த படுக்கையாக இருந்தார். அப்படிப் படுத்திருப்பவரைப் புரட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். தச்சர் இரண்டு வருடம் தன் கையால் புரட்டினார். பிறகு தன் முதுகு போனதால், படுத்திருப்பவரை மெல்ல இடமும் வலமுமாகச் சாய்த்துக் கொடுக்கிற ஒரு கட்டிலைச் செய்தார். அதில் படுத்த பிறகு அந்த அம்மாளுக்குப் புண் வரவில்லை. பார்க்க வந்த டாக்டர்தான் இதற்கு உரிமை வாங்கி வை என்று சொல்லியிருந்தார். சொன்னது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் மருத்துவமனைச் சாமான் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று அதே கட்டிலைத் தன்னுடையதென்று சொல்லிச் செய்யத் தொடங்கியிருந்தது, அடுத்த வருடத்துக்கான விளம்பரத்தைக்கூட அச்சடித்துவிட்டது. இந்த விண்ணப்பம் வந்ததும் ஒரு வக்கீலை வைத்து ஆட்சேபணை போட்டது. அந்த வக்கீலின் வாதம் சுருக்கமானது: சுற்றுவதும் சாய்வதும் ஆதிகாலத்திலிருந்து இருப்பவை, இதில் புதிது ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

கோப்பைத் திறந்த அன்றே வழக்கம்போல் கூட்டம் வந்துவிட்டது. குயவர் சக்கரம் வந்தது. சாய்த்துக் கொட்டும் குப்பை வண்டி வந்தது. கப்பலில் தொங்கும் வலைப்படுக்கை, யாரும் பிடிக்காமலே சுவருக்குச் சுவர் தன்னைக் கட்டிக்கொண்டு ஆடியது. குடையும் எலிப்பொறியும் வந்ததைச் சொல்லவே வேண்டாம். போதாததற்கு வக்கீல் தன் பங்குக்கு ஒரு லாரி நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார். கோழியைக் கம்பியில் கோத்துச் சுடும் அடுப்பு, பொருட்காட்சி ராட்டினம், கான்கிரீட் கலவை இயந்திரம். தானாக வராததையும் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்று சல்லடைக்கு எரிச்சல்தான். ஆனாலும் தானாக வந்ததா தள்ளிக்கொண்டு வந்ததா என்று விதிப்புத்தகம் கேட்கவில்லை என்பதால், எல்லாவற்றையும் வரிசையில் நிற்கவைத்தாள். மூன்று நாள் அந்த இரண்டு கேள்விகளையே கேட்டாள். பெண்டாட்டி முதுகில் புண் வந்தால் எந்தப் புருஷன் கான்கிரீட் கலக்கும் இடத்துக்குப் போய் வழி கேட்பான்? சம்பந்தமில்லை. கோழி அடுப்பு? அது சிவக்க வைப்பதற்காகச் சுற்றுகிறது, சிவக்காமல் இருப்பதற்காக இல்லை. போகலாம். வக்கீல் விடவில்லை.

"மேடம், சுத்தறது சுத்தறதுதானே? எங்க சுத்தினா என்ன?"

"சுத்தறதெல்லாம் சொந்தம்னா, பூமியையும் லாரியில ஏத்திட்டு வந்திருக்கலாமே சார்" என்றாள் சல்லடை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மாடி காலியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. கதவுக்குப் பின்னால், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், கால் வைத்த ஒரு மரப்பெட்டி நின்றுகொண்டிருந்தது. கோழி முட்டைகளைத் தாய்க்கோழி இல்லாமல் பொரிக்க வைக்கும் அடைகாப்புப் பெட்டி. அது முதல் நாளே வந்தது. வரிசையில் முண்டவில்லை, எதையும் ஆட்டிக் காட்டவில்லை. உள்ளே நாற்பது முட்டைகள் தட்டில் இருந்தன. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை 'டக்' என்று அந்தத் தட்டு ஒரு பக்கம் சாயும். அடுத்த மணிக்கு மறுபக்கம் சாயும். அவ்வளவுதான். சல்லடை அதைப் பார்த்துவிட்டாள். முட்டையைப் புரட்டாமல் வைத்தால் உள்ளே இருக்கும் உயிர் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். தானாகப் புரள முடியாத ஓர் உயிரை, ஒரே பக்கமாகக் கிடந்து பழுதாகிவிடாமல், நோகாமல் மாற்றி மாற்றிச் சாய்ப்பது. ஆறு வருடம் படுத்திருக்கும் அந்த அம்மாளின் சிக்கலும் இதேதான். இதற்குச் சம்பந்தம் உண்டென்று எழுதினால் தச்சரின் கட்டில் புதிதில்லை என்று ஆகிவிடும். அவள் தன் கைப்பையை எடுத்து அந்தப் பெட்டிக்கு முன்னால் வைத்தாள். பிறகு பை சின்னதாக இருக்கிறதென்று அலமாரியின் கதவையும் திறந்து மறைத்தாள். தச்சருக்குச் சாதகமாக உத்தரவு எழுத உட்கார்ந்தாள். இரண்டு வரி எழுதுவதற்குள் 'டக்' என்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவரிடம் கேட்டாள். "டிக்கெட் இல்லாத ஆளைப் பாத்தும் பாக்காத மாதிரி விட்டிருக்கீங்களா?"

"விட்டிருக்கேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அன்னிக்கு முழுக்க டிக்கெட் எடுத்தவங்க மூஞ்சியைப் பாக்க முடியல. கடைசியில என் கைக்காசைப் போட்டு நானே ஒரு டிக்கெட் கிழிச்சேன்."

திங்கட்கிழமை அவள் போய் அலமாரிக் கதவை மூடினாள், பையை எடுத்தாள், பெட்டியைத் தூக்கித் தன் மேசைமேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. இரு தரப்பும் வர வேண்டும் என்று விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்பினாள்.

விசாரணை நாளன்று தச்சர் மட்டும் வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மனைவி விடவில்லை. என் முதுகைப் பற்றி ஊரே உட்கார்ந்து பேசப்போகிறது, நான் மட்டும் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டு, கட்டிலோடு தள்ளுவண்டியில் ஏறி வந்துவிட்டார். மாடிப்படி குறுகல், லிஃப்டில் தலையணைதான் நுழையும். அப்போது வேறு ஒரு கோப்புக்காக வந்து, முறை வராமல் நாலு நாளாகச் சும்மா நின்றிருந்த கப்பியும் கயிறும் தாமாக ஜன்னலுக்குப் போய்ச் சட்டத்தில் தொங்கின. சாமான் ஏற்றும் பழைய தொங்குபலகை ஒன்று அடியில் போய் நின்றுகொண்டது. அந்த அம்மாள் கட்டிலோடு, போர்வை கலையாமல், முதல் மாடி ஊழியர்களுக்கு வணக்கம் வைத்தபடி இரண்டாவது மாடி ஜன்னல் வழியாக உள்ளே வந்தார். ஆறு வருடத்தில் அவர் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. "காத்து நல்லா இருக்குங்க. எறக்கும்போதும் இப்படியே மெதுவா எறக்கச் சொல்லுங்க" என்றார்.

வக்கீல் எழுந்து தன் லாரிச் சாமான்களைப் பற்றி ஆரம்பிப்பதற்குள், சல்லடை அடைகாப்புப் பெட்டியைத் தச்சருக்கு முன்னால் நகர்த்தினாள். "ஐயா, இதை நீங்க இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

வக்கீலுக்கே அப்படி ஒன்று இருப்பது அதுவரை தெரியாது. தச்சர் பெட்டியைப் பார்த்தார். குனிந்து தட்டின் கீலைத் தொட்டுப் பார்த்தார். ஒரு தலையாட்டலோடு 'இல்லை' என்று சொல்லியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது. தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "பாத்திருக்கேன் மேடம். என் மச்சான் கோழிப்பண்ணையில வேலை செஞ்சார். அங்க இதுக்குக் கால் ஆடுதுன்னு சரிபண்ணக் கூப்பிட்டாங்க. தட்டு சாயறதைப் பாத்ததும் எனக்கு இவ ஞாபகம்தான் வந்துச்சு. வீட்டுக்கு வந்து கட்டிலை அப்படியே செஞ்சேன்."

வக்கீலின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆனது. கதவைத் தட்டியிருப்பானா என்ன, தட்டிவிட்டே வந்திருக்கிறேன் என்று ஆளே சொல்லிவிட்டான். தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சல்லடை பேனாவை எடுத்தாள். மூடியைத் திறக்கத்தான் கை வரவில்லை.

"ஏங்க, உண்மையைச் சொன்னா பாதியில நிறுத்தறதா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அப்படியே செஞ்சீங்களே, அந்தக் கட்டில்ல நான் எத்தனை நாள் படுத்தேன்னு சொல்லுங்க."

"நாலு நாள்" என்றார் தச்சர்.

"நாலு நாளும் ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல மேடம். மணிக்கு ஒருதரம் டக்குன்னு ஒரு சாய்ப்பு. தூக்கிவாரிப் போடும். அஞ்சாம் நாள் தண்ணி டம்ளரை இவர் மேல வீசினேன். முட்டைக்குத் தூக்கம் கலைஞ்சா தெரியாது, எனக்குத் தெரியும்யா, எடுத்துட்டுப் போய் அதுல முட்டையை வைய்யின்னேன். அப்புறம் நான்தான் சொன்னேன். மனுஷி அசந்து தூங்கும்போது மூச்சு மாறும். உள்ள இழுக்கறதைவிட வெளிய விடறது நீளமா இருக்கும். அந்த நேரம் பாத்து, வெளிய விடற மூச்சோட சேத்து, நூல் நூலா சாய்ச்சா எனக்கே தெரியாதுன்னு. அப்புறம்தான் இவர் நெஞ்சுல ஒரு பட்டை கட்டி, அதுல துருத்தி ஒண்ணு வெச்சு, பல்சக்கரத்தோட சேத்தார்."

சல்லடை பதினொரு பக்கத்தையும் மறுபடி புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தின் அடியில், கட்டில் காலுக்கு என்ன மரம் என்பதற்குக் கீழே, 'மூச்சுப்பட்டை ஒன்று உண்டு' என்று ஒரே வரி இருந்தது. உரிமைக்கோரிக்கையில் அது இல்லவே இல்லை. "ஐயா, இதை ஏன் முன்னாடி எழுதல?"

"அது இவ சொன்னது மேடம். 'நானே கண்டுபிடித்தவை'ன்னு படிவத்துல மேல அச்சடிச்சிருக்கே. அதுக்குக் கீழ நான் எப்படி அதை எழுதறது?" என்றார் தச்சர்.

வக்கீல் கெட்டிக்காரர், சுதாரித்துக்கொண்டார். முட்டைக்கும் மூச்சு உண்டு, ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ஆகவே அடைகாப்புப் பெட்டியும் மூச்சு விடுகிற ஒன்றைத்தான் சாய்க்கிறது, ஆகவே மூச்சுப்பட்டையும் பழசுதான் என்று வாதிடத் தொடங்கினார். ஓட்டின் துளைகளை எண்ணிக்கையோடு சொன்னார். பறவைகளின் நுரையீரலுக்குப் போனார். அங்கிருந்து வாத்துக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். துணை இயக்குநருக்கு முதலில் கண் செருகியது, பிறகு பியூனுக்கு, சுவரோரம் ஏதோ கோப்புக்காகக் காத்திருந்த அலாரக் கடிகாரம்கூட அரை மணி பின்தங்கிவிட்டது. வக்கீல் நெருப்புக்கோழிக்கு வந்தபோது கட்டிலிலிருந்து லேசான குறட்டை கேட்டது. சல்லடை கையைக் காட்டி அவரை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் பார்த்தார்கள். அந்த அம்மாளின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. இறங்கும்போது மட்டும் கட்டில் ஒரு நெல் அளவு சாய்ந்தது. மறு மூச்சுக்கு இன்னொரு நெல். வலப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தவர் இருபது நிமிடத்தில் இடப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். குறட்டை ஒரு சுருதிகூட மாறவில்லை. அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த பெட்டி, யாரையும் கேட்காமல், 'டக்' என்று சாய்ந்தது. உள்ளே மூன்று முட்டைகள் உடைந்து மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. அவை எந்தத் தரப்பின் ஆவணம் என்று முடிவாகாததால் பியூன் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

உத்தரவு இரண்டு பக்கம்தான். அடைகாப்புப் பெட்டிக்குச் சம்பந்தம் உண்டு என்று சல்லடை முதல் வரியிலேயே எழுதினாள். ஆகவே படுத்திருப்பவரைச் சாய்க்கிற கட்டில் என்ற பொதுக் கோரிக்கை தள்ளுபடி. அதை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் சம்பந்தம் உண்டு என்பதால் சொத்து முழுவதும் சம்பந்திக்கே என்று ஆகிவிடாது. தூங்குகிறவரின் மூச்சுக்குக் காத்திருந்து சாய்க்க வேண்டும் என்று எந்த முட்டையும் எந்தப் பெட்டிக்கும் சொன்னதில்லை. அதைக் கேட்டு வரும் யாருக்கும் அந்தப் பெட்டியிடம் பதில் இல்லை. அந்த ஒன்பதாம் பக்க வரியைக் கோரிக்கையாகத் திருத்தி எழுதி, கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் மனைவி பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் உரிமை தரலாம். தச்சர் திருத்திக் கொண்டுவந்தபோது மனைவி பெயரை முதலிலும் தன் பெயரை இரண்டாவதிலும் எழுதியிருந்தார். சல்லடை கையெழுத்துப் போட்டாள். அடைகாப்புப் பெட்டி மிச்ச முப்பத்தேழு முட்டைகளோடு, சிந்தாமல், இடப்பக்கமாகப் படியிறங்கிப் போனது. பெரிய நிறுவனம் மணிக்கு ஒரு முறை சாய்கிற கட்டிலைச் செய்து விற்றது. வாங்கிய மருத்துவமனைகளில் டம்ளர்கள் நிறைய உடைந்தன. அடுத்த வருடம் அந்த நிறுவனம் வேறொரு வக்கீலை அனுப்பி, மூச்சுக் கட்டிலைச் செய்ய அனுமதி கேட்டது. என்ன நிபந்தனை என்று தச்சரின் மனைவிதான் பேசினார். முதல் நிபந்தனை, பழைய வக்கீல் மாதம் ஒரு முறை வந்து தனக்குப் பறவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது. அவ்வளவு நல்ல தூக்கம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லையாம்.

காப்புரிமை இதழில் கட்டிலின் விவரம் அச்சாகி வந்த நாளிலிருந்து அதுவும் சட்டப்படி ஒரு பழைய கண்டுபிடிப்பு ஆகிவிட்டது. இதை அந்த வீட்டில் யாரும் யோசித்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் தானாக ஆடும் குழந்தைத் தொட்டிலுக்கு விண்ணப்பம் போட்டார். சல்லடை கோப்பைத் திறந்த நிமிடம், ஊரின் மறுகோடியில் கட்டில் எழுந்து நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு, மேலே படுத்திருந்த அந்த அம்மாளோடு தெருவில் இறங்கி நடந்தது. தச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். கடைத்தெரு வழியாக, பள்ளிக்கூடம் வழியாக, பாலத்தின் மேல் வந்தது. நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் ஒரு பேருந்தை நிறுத்தி வழி விட்டார். பேருந்தின் படியில் நின்றிருந்த நடத்துனர், அந்த அம்மாள் கரும்புச்சாறு குடித்துக்கொண்டு போனதாக அன்று வீட்டில் வந்து சல்லடையிடம் சொன்னார். அலுவலக மாடிப்படியில் கட்டில் எப்படி ஏறியது என்று கேட்டவர்களுக்குப் பியூன் "தச்சர் வேலை சுத்தம்" என்று மட்டும் பதில் சொன்னார். பதிவேட்டில் கட்டிலின் பெயருக்குப் பக்கத்தில் 'உடன் வந்தவர்: ஒருவர்' என்று எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று விசித்திரமான விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. மூச்சைப் பார்த்து வீசும் விசிறி. தூங்கினால் சாயும் சலூன் நாற்காலி. கொட்டாவி விட்டால் ஆடும் ஊஞ்சல். விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் தச்சரின் மனைவிக்கு ஏதோ ஒரு வழியில் உறவு: நாத்தனார், சித்தி மகன், கொழுந்தனின் மாமனார். கட்டணத்தைச் சரியாகக் கட்டியிருந்தார்கள், படமும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையில் போட்டதா, ஓர் ஆளை வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும் என்று போட்டதா என்று விதிப்புத்தகம் எங்கேயும் கேட்கவில்லை. சல்லடையும் கேட்கவில்லை. வேலையில் சுறுசுறுப்புக்குப் பேர்போன அவள் அந்தக் கோப்புகளில் மட்டும் மிகவும் நிதானமானாள். இரண்டு கேள்விகளையும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கேட்டாள். நடுவில் கட்டில் ஜன்னலோரம் நிற்கும். அந்த அம்மாள் தெருவில் போகிற வருகிறவர்களைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைப் பியூனிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

உரிமை கிடைத்த மூன்றாவது வருடம், துறைமுக நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அந்த அம்மாளின் தங்கை, அலையைப் பார்த்தபடி சாய்ந்துகொள்ளும் பெஞ்சு ஒன்றுக்கு அந்த ஊர் அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டாள். கட்டில் ஒரு புதன்கிழமை கிளம்பியது. தச்சர் இந்த முறை பின்னால் ஓடவில்லை. கால்மாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். போய்ச் சேரப் பதினொரு நாள் ஆனது. அங்கே பரிசோதகர் ஒரு புது ஆள். சாயங்காலம் வரை இருந்து நன்றாக யோசித்துவிட்டு, சம்பந்தமில்லை என்று எழுதினார். பரவாயில்லை, ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்துப் பார்க்கட்டும், நாங்கள் கடற்கரையில்தான் இருப்போம் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பினாராம்.